கொட்டாஞ்சேனைக் கடிதக் கோப்புகள்: பழைய மின்னஞ்சல்களை இணையக் கணக்கிற்கு மாற்றுதல் பற்றிய சில குறிப்புகள்

கடிதங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் மரபு தமிழாய்வுக்குப் புதியதன்று. உ. வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் பேணி வைத்திருந்தமையாலேயே, அவருக்கும் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளைக்கும் இடையே நிலவிய பதிப்புத்துறை உறவினை இன்று ஓரளவு திட்டமாக அறிய முடிகின்றது. அவருக்கு வந்த கடிதங்கள் ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் 'உ.வே.சா. கடிதக் கருவூலம்' என நூலுருப் பெற்றுள்ளன. நூறாண்டுக்கு முன்னர் எழுதப்பட்ட தாளை இன்று எடுத்து வாசிப்பதற்குக் கண்ணும் எழுத்தறிவும் போதும். ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து ரொறன்ரோவுக்குச் சென்ற ஒரு மின்னஞ்சலை வாசிப்பதற்கு இவையிரண்டும் போதா. அதனை எழுதிய செயலி மறைந்துவிட்டது. அது எழுதப்பட்ட எழுத்துரு வழக்கொழிந்து வருகின்றது. அது கிடக்கும் வன்தட்டும் எந்நேரமும் செயலிழக்கலாம்.

பழைய கணினி ஒன்றின் வன்தட்டில் அடைபட்டுக் கிடக்கும் அஞ்சற் கோப்புகளை, இன்று பெரும்பாலோர் கையாளும் ஜீமெயில் போன்ற இணைய அஞ்சற் கணக்கிற்கு மாற்றும்போது உண்மையில் நடைபெறுவது யாது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா. பெட்டியொன்றைத் தூக்கி மற்றோர் அறையில் வைப்பது போன்றதொரு வேலையாகவே இது பொதுவிற் கருதப்படுகின்றது. ஏட்டைப் பார்த்து ஏடெழுதும் செயலையே இது பெரிதும் ஒத்தது என்பதும், படியெடுப்போனுக்குரிய பொறுப்பு இதனைச் செய்வோனுக்கும் உண்டு என்பதும் இக்கட்டுரையாளரின் கருத்து.

கொட்டாஞ்சேனையை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. துறைமுகத்தை அண்டிய இப்பகுதி நீண்ட காலமாகவே தொழிலாளரும் வணிகரும் சிற்றுத்தியோகத்தரும் கலந்து வாழ்ந்த இடம். 1983 ஜூலை வன்செயலின் பின்னர்ப் பெருகிய புலம்பெயர்வு இதற்கு மற்றொரு தன்மையையும் அளித்தது. வடக்கிலும் கிழக்கிலுமிருந்து வந்து, வெளிநாட்டு விசாவுக்காகவோ மருத்துவத்துக்காகவோ தொழிலுக்காகவோ மாதக்கணக்கிற் காத்திருந்தோர் வெள்ளவத்தையைப் போலவே இங்கும் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கினர். அவர்களுடைய வாழ்க்கை கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, நோர்வே முதலிய நாடுகளிலிருந்து வரும் செய்தியிலும் பணத்திலும் தங்கியிருந்தது. வீதிதோறும் தோன்றிய 'கொமியூனிக்கேஷன்' எனப்படும் தொலைத்தொடர்பு நிலையங்கள் முதலில் தொலைபேசிக்காகவும், பின்னர் மின்னஞ்சலுக்காகவும் பயன்பட்டன. இக்கட்டுரையாளர் அறிந்த ஒரு நிலையத்தில், கடைக்குரிய முகவரிக்கே அயலவர் பலருக்கும் கடிதங்கள் வந்தன. கடைக்காரப் பையன் அவற்றைத் தாளில் அச்சிட்டு, மடித்து, பெயர் எழுதி வைப்பான். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டமையும், மறுநாள் உயர் நீதிமன்றம் அவ்வாறான வெளியேற்றத்தை இடைநிறுத்தியமையும் பதிவாகியுள்ள செய்திகள். அந்நாட்களில் அம்மக்கள் தம் உறவினருக்கு எழுதியவையும் அவர்கள் பெற்றவையும் எங்கே உள்ளன என்பது வரலாற்று மாணவர் எவரும் கேட்கவேண்டிய வினா.

அவை பெரும்பாலும் தனியார் வன்தட்டுகளிலேயே உள்ளன, அல்லது இல்லை. இதற்கான காரணம் தொழில்நுட்பத்திலும் பொருளாதாரத்திலும் ஒருங்கே அமைந்துள்ளது. 1990களின் தொடக்கத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட கல்விசார் வலைப்பின்னல் வழியே இலங்கையில் மின்னஞ்சல் பழக்கத்திற்கு வந்தது. 1995 முதல் வணிக இணையச் சேவை கிடைத்தது. 1996இல் தொடங்கிய ஹொட்மெயில் இலவசக் கணக்கு ஒன்றுக்கு அளித்த இடம் 2 மெகாபைற்று. யாகூ அளித்தது 4 மெகாபைற்று. ஒரு குடும்பப் படத்தொகுதி வந்து சேர்ந்தாற் பெட்டி நிறைந்துவிடும். ஆகவே பயனருக்கு இரண்டே வழிகள் இருந்தன: கடிதங்களை அழித்தல், அல்லது 'பொப்' எனும் நெறிமுறை வழியே வீட்டுக் கணினிக்கு இறக்கிக்கொள்ளுதல். இறக்கியவுடன் வழங்கியிலிருந்து கடிதத்தை நீக்கிவிடுவதே அம்முறையின் இயல்பான வழக்கம். 2004 ஏப்ரல் 1ஆம் திகதி கூகிள் நிறுவனம் 1 ஜிகாபைற்று இடத்துடன் ஜீமெயிலை அறிமுகப்படுத்திய பின்னரே 'அழிக்க வேண்டியதில்லை' என்ற நிலை பொதுமக்களுக்கு ஏற்பட்டது. எனவே ஏறத்தாழ 1996இற்கும் 2004இற்கும் இடைப்பட்ட கடிதங்களே பெரிதும் இழப்புக்கு உள்ளானவை. போர்நிறுத்த உடன்படிக்கைக்கு முன்னும் பின்னுமான ஆண்டுகள் இவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இச்சான்றுகளின் வர்க்கச் சார்பினையும் இங்கு கூறிவிடுதல் வேண்டும். வீட்டிற் கணினி வைத்திருந்தோர் யார்? ஆசிரியர், எழுதுவினைஞர், வணிகர், வெளிநாட்டிலிருந்து பணம் பெற்ற குடும்பத்தினர். மலையகத்திலிருந்து வந்து கடைகளில் வேலை செய்த இளைஞரும், துறைமுகத் தொழிலாளரும், மத்திய கிழக்கிற்கு வீட்டுப்பணிக்குச் சென்ற பெண்களும் இக்கோப்புகளில் அநேகமாக இடம்பெறார். அவர்களுடைய செய்தி தொலைபேசியிலும் ஒலிநாடாவிலும் சென்றது. அல்லது கடைக்காரப் பையன் அச்சிட்ட தாளில் வந்து, அத்தாளோடு போயிற்று. மின்னஞ்சற் கோப்புகளைக் கொண்டு மட்டும் கொட்டாஞ்சேனையின் சமூக வரலாற்றை எழுத முற்படுவோர் மத்தியதர வர்க்கத்தின் வரலாற்றையே எழுதுவர்.

இனி ஓர் அனுபவம். கொட்டாஞ்சேனையில் தொடர்மாடி வீடொன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், 1990களின் இறுதியில் வாங்கிய தம் கணினியிலிருந்த கடிதங்களைத் 'தொலைபேசியிற் பார்க்கக்கூடியதாகச் செய்து தாருங்கோ தம்பி' என இக்கட்டுரையாளரிடம் கேட்டார். இரு மக்கள் வெளிநாட்டில், கணவர் காலமாகிவிட்டார், கணவர் மக்களுக்கு எழுதிய கடிதங்களின் படிகளும் அதற்குள் இருந்தன. கடிதங்கள் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் எனும் செயலியிற் சேமிக்கப்பட்டிருந்தன. எளிதான வேலை என்று கருதிய இக்கட்டுரையாளர், சில கடிதங்களை ஒவ்வொன்றாகப் புதிய கணக்கிற்கு மீள்அனுப்பினார். விளைவு வெட்கத்திற்குரியது. எட்டு ஆண்டுக் கடிதங்கள் யாவும் ஒரே நாள் மாலையில், ஒரே அனுப்புநரின் பெயரில் எழுதப்பட்டவையாகத் தோன்றின. தந்தை எழுதியதும் மகன் எழுதியதும் இக்கட்டுரையாளர் எழுதியனவாயின. ஏட்டுப் பிரதி செய்வோன் மூல ஆசிரியனின் பெயரை நீக்கித் தன் பெயரைப் பொறித்த கதையே இது. அந்த முறை கைவிடப்பட்டது.

சரியான முறையை விளங்கிக்கொள்ளக் கடிதத்தின் அமைப்பினை நோக்குதல் வேண்டும். மின்னஞ்சல் ஒவ்வொன்றும் தலைப்பகுதி, உடற்பகுதி என இரண்டாக அமைந்தது. திரையில் நாம் காணும் அனுப்புநர், பெறுநர், பொருள், திகதி ஆகியவை தலைப்பகுதியின் ஒரு சிறு கூறே. கடிதம் கடந்து வந்த ஒவ்வொரு வழங்கியும் தன் பெயரையும் நேரத்தையும் அதன் மேற்புறத்திற் பொறித்துச் செல்லும். அஞ்சலகங்கள் உறையின்மீது குத்தும் முத்திரைகளை இவை ஒத்தவை. கடிதம் ஒவ்வொன்றுக்கும் தனித்த அடையாளக் குறியும் உண்டு. மீள்அனுப்பும்போது இவை யாவும் உதிர்ந்துவிடுகின்றன. கடிதத்தை முழுமையாக, ஓர் எழுத்தும் மாறாமல் எடுத்து வைப்பதற்கு ஏற்றது 'ஐமாப்' எனும் நெறிமுறை. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் 1986இல் மார்க் கிறிஸ்பின் உருவாக்கிய இந்நெறிமுறையில், அஞ்சற்பெட்டி வழங்கியிலேயே இருக்கும். பயனரின் செயலி அதனைத் தூரத்திலிருந்து கையாளும். பெட்டிக்குள் ஒரு கடிதத்தை 'சேர்' என்று கட்டளையிடும்போது, அது எந்நாளிற் பெறப்பட்டதாகக் கொள்ளப்பட வேண்டும் என்பதையும் உடன் தெரிவிக்கலாம். 2007இல் ஜீமெயிலும் இந்நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. வேறொரு வழங்கியில் இன்னும் உயிருடன் உள்ள கணக்கிலிருந்து கடிதங்களை இழுத்தெடுக்கும் வசதிகள் பல உண்டெனினும், வன்தட்டில் உறங்கும் கோப்புக்கு அவை உதவா.

நடைமுறை பின்வருமாறு அமைந்தது. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு கோப்புறையையும் 'டீபீஎக்ஸ்' எனும் மூடிய வடிவில் ஒற்றைக் கோப்பாக வைத்திருக்கும். பழைய கணினி நேரடியாக ஜீமெயிலுடன் பேசாது; 2022 மே மாதத்தின் பின்னர், பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கொண்டு நுழையும் பழைய செயலிகளைக் கூகிள் ஏற்பதில்லை. ஆதலால் வன்தட்டின் முழுப்படி ஒன்று முதலில் எடுக்கப்பட்டது. அப்படியிலிருந்து கோப்புகள் புதிய கணினிக்குக் கொண்டுவரப்பட்டு, சிறு செயலி ஒன்றினால் 'எம்பொக்ஸ்' எனும் திறந்த வடிவிற்கு மாற்றப்பட்டன. எம்பொக்ஸ் யுனிக்ஸ் காலத்து வடிவம். கடிதங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெறும் பாடமாக அடுக்கி வைப்பது. எந்தவொரு பாடத் தொகுப்பியிலும் அதனைத் திறந்து படிக்கலாம் என்பதே அதன் பெருஞ்சிறப்பு. பின்னர் தண்டர்பேர்ட் செயலியில் அதனைத் திறந்து, ஐமாப் வழியே இணைக்கப்பட்ட கணக்கின் கோப்புறைக்குள் இழுத்து விடப்பட்டது. ஒரு நாளில் 500 மெகாபைற்று வரையே இவ்வாறு ஏற்றுவதற்கு ஜீமெயில் இடமளிக்கின்றது. படங்கள் மிகுந்த கோப்புகளுக்குப் பல நாட்கள் செல்லும். அவசரப்பட்டு மீண்டும் மீண்டும் இழுத்தால் இடைவழியில் நின்றவை எவை, சென்றவை எவை என்ற குழப்பமே மிஞ்சும்.

யூடோரா எனும் மற்றொரு பழைய செயலியைப் பயன்படுத்தியோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அது இணைப்புகளைக் கடிதத்திலிருந்து பிரித்து வேறொரு கோப்புறையில் இட்டுவிட்டு, கடிதத்தில் ஒரு குறிப்பு வரியை மட்டும் விட்டுச்செல்லும். கடிதக் கோப்பை மாத்திரம் எடுத்து வருவோர் படங்களை இழப்பர்.

திகதி பற்றி ஒரு செய்தி. தலைப்பகுதித் திகதியில் உலக நியமநேரத்திலிருந்து உள்ள வேறுபாடும் பொறிக்கப்பட்டிருக்கும். இலங்கை 1996 மே மாதத்தில் ஐந்தரை மணி வேறுபாட்டிலிருந்து ஆறரைக்கும், அதே ஆண்டு ஒக்ரோபரில் ஆறுக்கும் மாறி, 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இவ்விடைக்காலம் முழுவதும் பழைய நேரமே வழங்கியது. ஆகவே கொழும்பும் வன்னியும் அரைமணி இடைவெளியில் வாழ்ந்த பத்தாண்டு ஒன்று உண்டு. ஒரு கடிதத்தின் நேரக்குறி எழுதியவரின் கணினி எவ்வாறு அமைக்கப்பட்டிருந்தது என்பதைக் காட்டுமேயன்றி, அவர் இருந்த இடத்தை உறுதிப்படுத்தாது. பலர் இந்திய நேரத்திலேயே கணினியை விட்டிருந்தனர். வழங்கிகள் பொறித்த முத்திரைகளோடு ஒப்பிட்டே முடிவுக்கு வரலாம். அனுப்பியவர் தம்மிடம் வைத்துக்கொண்ட படிகளில் இம்முத்திரைகள் இரா என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இதுவரை கூறியவை உலகின் எம்மொழிக்கும் பொருந்தும். தமிழுக்கே உரிய சிக்கல் எழுத்தில் உள்ளது. கடிதங்கள் யாவும் கணக்கிற் சேர்ந்தபின், ஆசிரியை தம் தொலைபேசியைத் திறந்து, 'இதென்ன தம்பி, ஒண்டும் விளங்கேல்லை' என்றார். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே திரையில் நிறைந்திருந்தன. கடிதங்கள் இலங்கையிற் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் எழுதப்பட்டவை. பாமினியில் எழுதுவோர் தமிழ் எழுத்தைத் திரையிற் காண்பர். ஆனால் கணினி சேமிப்பது அவ்விசைக்குரிய ஆங்கிலக் குறியையே. தமிழ் என்பது அங்கு ஒரு முகமூடி. 'அம்மா' என எழுதியவர் உண்மையில் அனுப்பியது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளை. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் முகமூடி கழன்றுவிடும். அக்கணக்கில் 'அம்மா' என்ற சொல்லைத் தேடினால், ஒவ்வொரு கடிதமும் அச்சொல்லுடனேயே தொடங்குகின்றபோதும், ஒன்றும் அகப்படாது.

'கொட்டாஞ்சேனை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பாமினியில் அது பதின்மூன்று குறிகள்: சிறிய என், எவ், எச், எல், அரைப்புள்ளி, எல், எச், பெரிய கியூ, அரைப்புள்ளி, பெரிய என், ஆர், ஐ, டி. ஒருங்குறியில் அது பன்னிரண்டு குறிகள். வேறுபாடு எண்ணிக்கையில் மட்டுமன்று, வரிசையிலும் உள்ளது. பாமினி தட்டச்சின் மரபைப் பின்பற்றிக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் எழுதுவது: முதலில் ஒற்றைக்கொம்பு, பின் ககரம், பின் கால். ஒருங்குறியோ ஒலிக்கும் வரிசையில் எழுதுவது: முதலில் ககரம், அதன்பின் ஒகர உயிர்க்குறி. ஆகவே மாற்றும் செயலி எழுத்துக்கு எழுத்து பதிலிடுவதோடு அமையாது, கொம்புகளை இடம்பெயர்க்கவும் வேண்டும்.

இதனினும் நுட்பமானது ரகரம். பாமினியில் எழுதுவோர் 'ர்' என்பதற்குக் காலையும் புள்ளியையும் சேர்த்து அடிப்பதே வழக்கம். ரகரத்திற்கும் காலுக்கும் வடிவ ஒற்றுமை உண்டல்லவா? மாற்றும் செயலி இதனை அறியாவிடில் 'அவர்' என்பது உயிர்க்குறியின்மேற் புள்ளி வைத்த விகாரச் சொல்லாகிவிடும். ஓலைச்சுவடிப் பயிற்சி உடையோருக்கு இவ்விடம் பழகிய இடம். ஏடுகளில் புள்ளி இடப்படுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவின. தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் பாடந்தோறும் எதிர்கொண்ட ஐயம், ஒரு நூற்றாண்டு கழித்துக் கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி ஒன்றின் கணினியில் மீண்டும் தலைகாட்டுகின்றது.

எல்லாக் கடிதங்களும் பாமினியில் இருக்கும் என்பதுமில்லை. புலம்பெயர்ந்தோர் சிலர் 1990களின் இறுதியில் உருவான திஸ்கி குறியேற்றத்தைக் கையாண்டனர். அது ஆங்கில எழுத்துகளைத் தொடாது விட்டு, எண் 128இற்கு மேற்பட்ட இடங்களிற் தமிழை வைத்தது. ஒரே கடிதத்தில் இரு மொழியும் தடையின்றி இயங்கின. அறிவியல் நோக்கில் இதுவே சிறந்தது. ஆயினும் ஏழு துணுக்குகளை மட்டுமே கடத்திய பழைய அஞ்சல் வழங்கிகள் சில எட்டாவதை நறுக்கிவிட்டமையால், அவ்வழி வந்த திஸ்கிக் கடிதங்கள் மீட்க முடியாதவாறு சிதைந்தன. பெரும்பாலும் ஆங்கில விசைகளின் எல்லைக்குள்ளேயே நின்ற பாமினி அவ்வழியே ஊறின்றி வந்து சேர்ந்தது. பலர் தமிழை ஆங்கில எழுத்திலேயே ஒலிபெயர்த்து எழுதினர். அவை எக்கருவியிலும் தெரியும், தமிழ்த் தேடலிலோ அகப்படா.

எது எதிலுள்ளது என அறிவது எவ்வாறு? அலங்கார வடிவிற் கடிதம் அனுப்பப்பட்டிருந்தால் எழுத்துருவின் பெயர் உடற்பகுதிக்குள் பொதிந்திருக்கும். வெறும் பாடமாயின் அக்குறிப்பு இராது. அப்பொழுது அரைப்புள்ளிகளை எண்ணுவது பயன் தரும்: பாமினியில் ஒவ்வொரு மெய்யெழுத்தின் புள்ளியும் அரைப்புள்ளி ஆதலால், அது மலிந்த பந்தி பாமினியே. பந்தி பந்தியாகவே இதனைச் செய்ய வேண்டும். கடிதம் முழுவதையும் ஒரேயடியாக மாற்றினால், இடையில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட விமான இலக்கமும் முகவரியும் பொருளற்ற தமிழாகிவிடும். வங்கிக் கணக்கு விபரம் ஒன்று அவ்வாறு தமிழாகியதைக் கண்டு ஆசிரியை சிரித்தார்.

இங்குதான் பதிப்பியல் ஒழுக்கம் வேண்டப்படுகின்றது. மாற்றிய பாடத்தை மூலக் கடிதத்தின் இடத்தில் வைத்தல் ஆகாது. மூலம் அதன் பாமினி வடிவிலேயே, தலைப்பகுதி சிதையாமல், கணக்கில் ஏற்றப்பட்டது. ஒருங்குறிப் பாடம் தனிக் கடிதமாக, மூலத்தின் அடையாளக் குறியை மேற்கோளாகக் கொண்டு, பக்கத்தில் வைக்கப்பட்டது. ஐயத்திற்கிடமான சொற்கள் அடைப்புக்குறிக்குள் இடப்பட்டன. எம்பொக்ஸ் கோப்பு வேறிரு வட்டுகளிற் படியெடுக்கப்பட்டு, பின்னாளில் ஒரு துணுக்கேனும் மாறியுள்ளதா எனக் காண்பதற்குச் சரிபார்ப்புத் தொகையும் குறித்து வைக்கப்பட்டது.

வட்டுகள் ஏன் என வினவலாம். கடிதங்கள்தாம் கணக்கில் உள்ளனவே. அக்கணக்கு யாருடையது என்ற கேள்வி இதற்கு விடையாகும். இணைய அஞ்சற்பெட்டி பயனரின் சொத்தன்று. தனியார் நிறுவனமொன்றின் இடத்தில், அது விதிக்கும் நிபந்தனைகளின்கீழ், அவருக்கு அளிக்கப்பட்ட வாடகையற்ற அறை. ஈராண்டு பயன்படுத்தாது விடப்படும் தனியார் கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகிள் 2023இல் அறிவித்து, அவ்வாண்டு டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. முதியவர் ஒருவரின் கணக்கு அவருக்குப்பின் ஈராண்டில் மறைவது இயல்பான நிகழ்ச்சியாகிவிடும். செயலற்ற கணக்கினை யாரிடம் ஒப்படைப்பது என முன்கூட்டியே குறிக்கும் வசதி 2013 முதல் உண்டு. கணக்கிலுள்ள கடிதங்களை மீண்டும் எம்பொக்ஸ் வடிவிலேயே முழுமையாக இறக்கிக்கொள்ளவும் முடியும். இவ்விரண்டையும் அமைத்த பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்ளப்பட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைக் கண்ட சமூகத்திற்கு ஓரிடத்தில் மட்டும் வைத்தல் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை.

மற்றொன்று, கடிதங்களில் உள்ளவர்களைப் பற்றியது. கடிதம் பெற்றவருடையது; அதன் சொற்களோ எழுதியவருடையவை. புகலிட விண்ணப்பத்திற்காக எழுதப்பட்ட வாக்குமூலங்கள், கடவுச்சீட்டுப் படங்கள், உண்டியல் வழியே வந்த பணத்தின் கணக்கு, தேடுதலின்போது கொண்டுசெல்லப்பட்டவர்களின் பெயர்கள் ஆகியவை இக்கோப்புகளிற் கலந்து கிடக்கும். இவற்றைப் பிறநாட்டு வழங்கி ஒன்றில் ஏற்றுவது ஒரு தீர்மானம். அத்தீர்மானத்தைத் தொழில்நுட்பம் தெரிந்தவர் தனியே எடுத்துவிடலாகாது. அழித்தவை பற்றியும் எச்சரிக்கை வேண்டும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் செயலியில் அழிக்கப்பட்ட கடிதம், கோப்பு சுருக்கப்படும்வரை அதனுள்ளேயே தங்கியிருக்கும். அச்சத்தினால் அழிக்கப்பட்டவை மாற்றுச் செயலியால் மீண்டும் எழுந்து வரக்கூடும். அவ்வாறு சில வந்தன. ஆசிரியை அவற்றை வாசித்து, மூன்றினை ஏற்றவேண்டாம் என்றார், காரணம் கேட்கப்படவில்லை.

2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் துண்டுப்பிரசுரங்களையும் பேணிவருவது போல, குடும்ப மின்னஞ்சற் கோப்புகளுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டுமென இக்கட்டுரையாளர் கருதுகின்றார். குறித்த ஆண்டுகள் வரை மூடி வைத்துப் பின்னர் ஆய்வாளருக்குத் திறக்கும் முறை பல நாட்டு ஆவணக்காப்பகங்களில் வழக்கிலுள்ளது. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் மாணவர்கள் செய்யக்கூடிய முதல்வேலை, தம் வீடுகளிலும் அயலிலும் உள்ள பழைய கணினிகளை விற்கும் முன்னர் அவற்றின் வன்தட்டுகளைக் கழற்றி எடுத்து வைப்பதாகும். பழைய இரும்பு சேர்ப்போர் அவற்றை நிறைக்கே வாங்குகின்றனர்.

ஆசிரியையின் தொலைபேசியில் இப்பொழுது கடிதங்கள் ஆண்டு வரிசையிற் தெரிகின்றன. கணவர் எழுதியவற்றுட் சில திஸ்கியுமல்லாத, பாமினியுமல்லாத ஏதோவோர் எழுத்துருவில் உள்ளன. அவற்றின் விசைப்பொருத்தத்தை அறியும் முயற்சி நடைபெறுகின்றது. தெரிந்த சொற்களை ஆசிரியையே சொல்லித் தருகின்றார். கணவர் கடிதத்தை எவ்வாறு தொடங்குவார், எவ்வாறு முடிப்பார் என்பது அவருக்குத் தெரியும்.